வாளை இழுத்தாத் தாங்கற ராடு

பாய் தொழுகைக்குப் போயிருக்காரு கண்ணு. வெள்ளிக்கெழமையில்ல, கொஞ்சம் நேரமாகும். கடையைப் பாத்துக்கக்கான்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாரு. உக்காரு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க. பாத்து, அதுக்கு ஒரு காலு ஆடும்.

என்ன மீனுக்குத் தூண்டில் ராடு பாக்கற? வாளைக்கா. நெனச்சேன். உள்ள வந்ததும் வராததுமா அந்த நீலக் கலரு ராடுமேல போய்க் கை வெச்சியே, அப்பவே நெனச்சேன். அதை வெச்சுரு. வெச்சுரு சாமி, சொன்னாக் கேளு. பாய் இருந்தா உன்னைய வாங்க வெச்சிருப்பாரு, அவருக்கு யாவாரம். எனக்கு அப்பிடியா? அதே கம்பெனி, அதே நீலம், என்ற ஊட்டுக்காரரு ஒண்ணு வாங்கியாந்தாரு. அதுல ஆரம்பிச்ச கெரகந்தான், இன்னைக்கு நான் மில்லைப் பூட்டிப் போட்டுட்டுத் தூண்டில் கடையில வந்து உக்காந்திருக்கறேன்.

நமக்குப் பவானிக்குக் கீழ, ஆத்தோரம். மாவு மில்லு வெச்சிருக்கறேன். பாவாயி மில்லுன்னு கேட்டீன்னா யாரும் காட்டுவாங்க. மெளகா அரைக்க மட்டும் சனிக்கெழம வரோணும், இல்லாட்டி அடுத்து வர்றவங்க ராகி மாவு காரமாயிரும். அது கெடக்குது. என்ற ஊட்டுக்காரரு பேரு குழந்தைவேலு. சொசைட்டில கிளார்க்கா இருந்து ரிட்டேரு ஆனவரு. சர்வீசு முழுக்க யாருகிட்டயும் ஒரு அதட்டல் போட்டதில்லை. உரம் வாங்க வர்றவங்கதான் அவரை அதட்டுவாங்க. பேனாவுக்கு மூடி போட்டுட்டுத்தான் பதிலே சொல்லுவாரு. அப்பிடிப்பட்ட ஆளு.

ரிட்டேரு ஆனதும் மனுசனுக்குப் பொழுது போகலை. மில்லுக்கு வான்னேன். வந்தாரு. மாவு மூக்குல ஏறித் தும்முனாரு. போன்னுட்டேன். பொறகு செல்போனுல மீன் புடிக்கற படமாப் பாக்க ஆரம்பிச்சாரு. எங்கியோ வெளிநாட்டுல, பனியில நின்னுட்டு ஒருத்தன் ஊசியாட்ட ராடை வீசறான், சொடக்குப் போடற நேரத்துல மீனு வருது, அதுக்கு முத்தங்குடுத்துத் திரும்ப ஆத்துலயே உடறான். திங்காத மீனை எதுக்குடா புடிக்கறேன்னு நான் கேட்டேன். 'உனக்குத் தெரியாது பாவாயி'ன்னாரு.

அந்தப் படத்தைப் பாத்துட்டு வந்துதான் இங்க நீல ராடு வாங்குனாரு. எதைப் பாத்து வாங்குனாருங்கற? அழகா இருந்துச்சாம். கையில வெச்சாப் பேனா மாதிரி இருந்துச்சாம். ரீலு கையளவு, பொம்மையாட்ட. சுத்துனா வெண்ணெயில கத்தி போற மாதிரி சத்தமே இல்லை. ஊட்டுல டிவி முன்னால உக்காந்துட்டு சும்மாவே சுத்துவாரு. வாளை புடிக்கறதுக்குப் பேனாவா வேணும்? கெண்டைக்குஞ்சு புடிக்கலாம் அதை வெச்சு. நல்லாப் புடிக்கலாம். வாளைங்கறது மீனே இல்லை கண்ணு, அது ஒரு ரௌடி. வாயைத் தொறந்தா உள்ள சீப்புச் சீப்பாப் பல்லு. எங்க ஊருல குளிக்கப் போன வாத்தைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்குது.

சரி, ஒரு நாளு சாயங்காலம் ஆத்துல இருந்து வந்தாரு. வேட்டியெல்லாம் சேறு. கையில நீல ராடு பாதிதான் இருக்குது. ரீலுக்குள்ள சக்கரப் பல்லெல்லாம் ஒடைஞ்சு கடமுடங்குது. 'வாளை பாவாயி. பாறைக்கிட்ட மேல வந்துச்சு. நான் பாத்தேன். எம்மாம் பெருசு தெரியுமா'ன்னு ரண்டு கையையும் விரிச்சாரு. கை பத்தலை. வாசப்படிக்குப் போயி நின்னு, 'இங்க இருந்து அந்தச் செம்பருத்திச் செடி வரைக்கும்'ன்னாரு.

நான் செடியைப் பாத்தேன். அவரைப் பாத்தேன். 'கைகால் கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்'னேன். வேற என்ன சொல்றது?

எங்கிட்டச் சொன்னதோட நிறுத்தியிருந்தா ஒண்ணுமில்லை. டீக்கடையில போய்ச் சொல்லிட்டாரு. டீக்கடை ரங்கண்ணன் இருக்கறாரே, அவரு வாயில உழுந்தா ஒருத்தன் எந்திரிக்க முடியாது. 'ஏனுங்க வேலு, வாளை எப்பிடி, நம்ம பஞ்சாயத்து லாரி அளவு இருக்குமா? நெம்பர் பிளேட் பாத்தீங்களா?'ன்னு ஆரம்பிச்சாரு. மறுநாளு என்ற ஊட்டுக்காரரு அங்க போனதும் ஒருத்தன் பெஞ்சைக் காட்டி, 'அண்ணன் வாளைக்கும் சேத்து எடம் உடுங்கடா'ங்கறான். மில்லுக்கு வர்ற பொம்பளைங்க, 'ஏனக்கா, மாமனுக்கு நெத்திலி வாங்கிக் குடுத்தாலும் திமிங்கலம்பாரோ'ன்னு சிரிக்கறாளுக. நானுஞ் சிரிச்சேன். யாவாரம் பண்ற எடத்துல மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருக்க முடியுமா?

பொறகுதான் காதுகுத்து வந்துச்சு. என்ற தம்பி பேத்திக்கு. மண்டபத்து வாசல்ல மாமம்மச்சான் எல்லாத்து போட்டோவையும் போட்டு ஒரு பிளெக்சு. இந்தக் காலத்துல பொணத்துக்கும் பிளெக்சு, பூப்புக்கும் பிளெக்சு. அதுல இவரு போட்டோவுக்குக் கீழ, பெரிய எழுத்துல, 'வாளை' குழந்தைவேலு. எந்தக் கழுதை எழுதிக் குடுத்துச்சோ தெரியலை. கேட்டா எல்லாத்துக்கும் சிரிப்பு.

அவரு அதைப் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொருக்காப் படிச்சாரு. செருப்பைக்கூடக் கழட்டலை, திரும்பி பஸ் ஏறி ஊட்டுக்குப் போயிட்டாரு. நான் பந்தியில உக்காந்து தேடறேன். பக்கத்து எலை காலியா இருக்குது, அதுல அவருக்குப் புடிச்ச தேங்காப்பாலு பணியாரம் ஆறிட்டுக் கெடக்குது.

அன்னைல இருந்து மனுசன் செவுத்தைப் பாத்துப் படுத்துட்டாரு. பேச்சில்லை. டீக்கடை இல்லை. சோறு வெச்சா நாலு வாய். சக்கரை இருக்குதுங்க அவருக்கு, மாத்திரை போடோணும். வாங்கி வெச்சா அப்பிடியே இருக்கும். நான் கத்துனேன். 'நீங்க ஒரு மீனைப் பத்திச் சொன்னதுக்கு இத்தனை மானரோசமா, ஊருல ஒவ்வொருத்தன் பண்ற பொளப்புக்கு எத்தனை பேரு படுக்கோணும்'னேன். செவுரு பேசுனாலும் பேசும், அவரு பேச மாட்டேங்கறாரு. ஒரு நாளு குளிக்கற ரூமு வாசல்ல மயங்கி உழுந்துட்டாரு. மூட்டை தூக்கற கைதானே, தூக்கிட்டேன். என்ன எடை போயிருச்சுங்கற. மில்லுக்கு வர்ற கோதுமைச் சிப்பம் அவரை உடக் கனம். ஆஸ்பத்திரியில அந்த டாக்டரு புள்ள எனக்குத்தான் திட்டு உட்டுது. 'என்னம்மா பாத்துக்கறீங்க?'ன்னு. நானா பிளெக்சு அடிச்சேன்?

அப்பத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவரைக் காப்பாத்தோணும் அது இதுன்னு சினிமாவாட்ட நெனைச்சுக்காத. எனக்கு ஆத்திரம். அந்த ஆத்துல அப்பிடி ஒரு மீனு கெடையாதுன்னு நானே போய்ப் பாத்து, இல்லைன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டா ஆளு தெளிஞ்சுருவாரு, மருந்து மாத்திரை திம்பாருன்னு ஒரு கணக்கு. அதுக்குத்தான் இந்தக் கடைப்படி ஏறுனேன்.

பாய் என்னையப் பாத்துட்டு, 'பேரனுக்கா?'ன்னாரு. எனக்குத்தான்னேன். 'என்ன மீனு?' வாளைன்னேன். 'எம்மாம் பெருசு?' நான் அந்த வாசல்ல போய் நின்னு, எதுக்கால தெரியுதுல்ல செருப்புக்கடை போர்டு, அது வரைக்கும்னேன். பாய் சிரிக்கலை பாரு. அதுக்காகவே அவருகிட்ட வாங்கலாம்.

ரண்டு ராடு எடுத்து வெச்சாரு. ஒண்ணு கார்பன், லேசு. இன்னொண்ணு பைபரு, பாக்கவே ஒலக்கையாட்ட. நான் பாய்கிட்டச் சொன்னேன், நூலைக் கட்டி அந்த மூலையில கெடக்கற ஈயக்குண்டுப் பெட்டியில மாட்டுங்க, தூக்கிப் பாக்கறேன்னு. கார்பன் வளைஞ்சுச்சு, எனக்கு மனசு கேக்கலை. பட்டுனு போயிருமோன்னு ஒரு பயம். பைபரு இருக்குதே, அது முக்கால்வாசி வளைஞ்சு இடுப்புல நின்னுச்சு. நல்ல மருமக மாதிரி. வளையும், ஆனா ஒடியாது, உன்னையும் உழுக உடாது. அதுதான்னேன்.

ரீலுக்குத்தான் நான் மொரண்டு புடிச்சேன். நூலு கொஞ்சங்கூட நழுவக் கூடாது, இறுக்கிப் புடிக்கற ரீலாக் குடுங்கன்னேன். பாய், 'அப்பிடி இல்லக்கா, பெரிய மீனு இழுத்தா நூலு நழுவோணும், அதுக்குத்தான் இந்தத் திருகு'ங்கறாரு. நான் ஒத்துக்கவே இல்லை. காசு குடுத்து வாங்கிட்டு நழுவ உடறதா? அப்பறம் அவரு திருகைத் திருகி இழுத்துக் காட்டுனாரு. இழுக்க இழுக்கச் சிணுங்கிட்டே வருது. அட, இது நம்ம மில்லு பெல்ட்டுன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. கல்லுல ஆணி சிக்கிருச்சுன்னா பெல்ட்டு வழுக்கோணும். வழுக்காட்டி மோட்டாரு பொகைஞ்சுரும். என்ற ஊட்டுக்காரரு அந்தப் பொம்மை ரீலை இறுக்கித் திருகி வெச்சிருக்காரு, அதான் பல்லுப் போச்சு. இதை முன்னாலயே ஒரு வார்த்தை மில்லுல வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். அவரு எங்கிட்டக் கேட்டாத்தானே.

நூலுக்குப் பின்னல் நூலு. நைலான் தங்கூசைக் கம்மி வெலையின்னு எடுக்காத. தூண்டி முள்ளுக்கு மேல ஒரு சாண் கம்பி வெச்சுக்க, இல்லாட்டி அந்தப் பல்லுல அறுத்துரும். இரைக்குக் கோழிக்கொடலு. நாத்தம் பொறுத்துக்கோணும்.

ஊட்டுக்குக் கொண்டாந்து, அவரு படுத்திருக்கற ரூமுலயே உக்காந்து ராடைப் பூட்டுனேன். வேற எடத்துல வெளிச்சம் பத்தலை. ரீலை மாட்டித் தோள்ல வெச்சுட்டு எந்திரிச்சேன். செவுத்தைப் பாத்துட்டுக் கெடந்த மனுசன் தலையைத் திருப்பிப் பாத்தாரு. பாத்துட்டே இருந்தாரு.

'ரீலைத் தலைகீழா மாட்டியிருக்கற'ன்னாரு.

அத்தனை நாளைக்கு அப்பறம் அதுதான் மொதப் பேச்சு. நான் வேணும்னு ஒண்ணும் மாட்டலை கண்ணு, பாய் கூட அப்பிடித்தான் நெனைச்சுட்டு இருக்கறாரு. எனக்கு நெசமாவே தெரியாது. தையல் மிசினுல நூல்கண்டு மேலதானே இருக்குது? 'இருந்தா இருந்துட்டுப் போகுது'ன்னு வெளிய நடந்தேன். பின்னாலயே செருப்புச் சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கலை. திரும்புனா இவரு ஊட்டுக்குத் திரும்பிருவாருன்னு எனக்குத் தெரியும்.

மொத நாளு நான் வீசுன வீச்சு வேப்பமரத்துல மாட்டிக்கிச்சு. அடுத்த வீச்சுல அவரு தலைத்துண்டைக் கழட்டிட்டேன். மூணாவதுல நூலு தூக்கணாங்குருவிக் கூடாட்டம் சுத்திக்கிச்சு, அதைப் பிரிக்கவே அன்னைக்குப் பொழுது போச்சு. ரண்டு பேரும் பாறையில உக்காந்து பிரிச்சோம். 'நீ அந்தப் பக்கம் இழு', 'நீங்க சும்மா இருங்க', இதான் பேச்சு. பசிக்குதுன்னாரு. கட்டிட்டுப் போன தக்காளிச் சோத்தைத் தின்னாரு. நான் பாக்காத மாதிரி நூலைப் பிரிச்சுட்டு இருந்தேன்.

பொறகு தெனமும் போனோம். மில்லை மத்தியானத்தோட பூட்டிருவேன். சனங்க திட்டுனாங்க. 'புருசனுக்குப் புடிச்ச பைத்தியம் பொண்டாட்டிக்கும் தொத்திக்கிச்சு'ன்னு ரங்கண்ணன் சொன்னாராம். நாங்க கெளுத்தி புடிச்சோம், ஒரு ஆமையைப் புடிச்சு உட்டோம், எவனோட ஜட்டியோ ஒண்ணு வந்துச்சு. வாளை வரலை. எனக்கு உள்ளுக்குள்ள திருப்தி. இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு, மீனும் இல்லை மண்ணும் இல்லைன்னு சொல்லிரலாம்னு இருந்தேன்.

அன்னைக்கு மழை மூட்டம். ராடைக் கவட்டைக் குச்சியில சாய்ச்சு வெச்சுட்டு நான் வெத்தலை மடிச்சுட்டு இருக்கறேன். ராடு மெதுவா, யாரோ வணக்கம் வெக்கற மாதிரி, குனிஞ்சுது. அப்பிடியே குனிஞ்சுட்டே போகுது. 'எடு'ன்னாரு. எடுத்தேன். எடுத்ததும் ஒரு இழுப்பு இழுத்துது பாரு, என்னையத் தண்ணிக்குள்ள ரண்டெட்டு கொண்டு போயிருச்சு. மூட்டை தூக்குன ஒடம்பு இது. எதுத்தாப்புல இருந்து மூட்டை என்னையத் தூக்குனது அன்னைக்குத்தான்.

'இறுக்கட்டுமா?'ன்னேன். 'இறுக்காத, உடு, ஓடட்டும்'ன்னு அவரு. ரீலு கதறுது. நூலு போகுது போகுது, அடி நூலு கண்ணுக்குத் தெரியுது. நிக்கும்போது நான் சுத்தறேன். மறுக்கா ஓடுது. கை ரண்டும் மரத்துப் போச்சு. அவரு பின்னால வந்து என்ற இடுப்பைப் புடிச்சுட்டு நிக்கறாரு. இத்தனை வருசத்துல பட்டப்பகல்ல, வெட்டவெளியில, இவரு என்னையப் புடிச்சதே இல்லை. எதுக்கரையில துணி தொவைக்கற பொம்பளைங்க எல்லாம் பாக்கறாளுக. 'உடுங்க, பாக்கறாங்க'ன்னேன். 'உட்டா நீ போயிருவ'ன்னாரு.

கடைசில மேல வந்துச்சு. சப்பைத் தலை, சிரிக்கற மாதிரி வாயி. அவரு வேட்டியை அவுத்துட்டாரு கண்ணு. பட்டாப்பட்டி டவுசரோட தண்ணிக்குள்ள எறங்கி, வேட்டியை அது தலைமேல போட்டுக் கட்டிப் புடிச்சாரு. மாத்திரை போடாத ஆளு, ஆஸ்பத்திரில குளுக்கோசு ஏத்துன ஆளு. ரண்டும் உருண்டுதுக. எது மீனு எது புருசன்னு எனக்கே தெரியலை. கரைக்கு வந்து உழுந்தப்ப அது வாலடிச்சு இவரு கண்ணாடி போச்சு.

வேட்டியில சுத்தி, மூங்கில்ல கட்டி, ஆளுக்கொரு பக்கமாத் தூக்கிட்டு ஊருக்குள்ள வந்தோம். மீனு வேட்டி கட்டியிருக்குது, அவரு டவுசரோட வர்றாரு. டீக்கடை முன்னால எறக்குனோம். எறக்கோணும்னு இல்லை, எனக்கு அங்கதான் கை வலிச்சுது. ஊரே கூடிருச்சு. மில்லுத் தராசைக் கொண்டாந்து வெச்சாங்க, இருவது கிலோக் கல்லுக்கும் தட்டு அசையலை. ரங்கண்ணன் டீ ஆத்தற கையோட அப்பிடியே நிக்கறாரு. 'அட, வேலு சொன்னது நெசந்தான்டா'ன்னு ஒருத்தரு சொல்றாரு. எல்லாத்து மூஞ்சியும் ஒரு மாதிரி ஆயிருச்சு. ரங்கண்ணனே வந்து, 'வேலு, இதானுங்களா அன்னைக்கு நீங்க பாத்தது?'ன்னு மரியாதையாக் கேக்கறாரு.

ஆமான்னு ஒரு வார்த்தை. ஊரு நம்பறதுக்கு வாயைத் தொறந்துட்டு நிக்குது. தலையை ஆட்டுனாக் கூடப் போதும்.

இவரு கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிட்டு, குனிஞ்சு மீனை இந்தப் பக்கம் பாத்தாரு. அந்தப் பக்கம் போய்ப் பாத்தாரு. எந்திரிச்சு, 'இது இல்லை'ங்கறாரு. 'இது சின்னது. அது இன்னும் பெருசு. அதுக்கு ஒரு பக்கத்து மீசை இல்லை, இதுக்கு ரண்டும் இருக்குது பாருங்க'ங்கறாரு.

எல்லாருங் குனிஞ்சு மீசையைப் பாத்தாங்க. பொறகு சிரிச்சாங்க பாரு ஒரு சிரிப்பு. ரங்கண்ணன் பெஞ்சுமேல உக்காந்து சிரிக்கறாரு. எனக்குத் தராசுக்கல்லை எடுத்து இவரு தலையிலயே போடலாமுன்னு வந்துச்சு. அதுல பாரு, இவருஞ் சிரிக்கறாரு. டவுசரோட நின்னுட்டு, எல்லாத்தோடயுஞ் சேந்து சிரிக்கறாரு. 'சிரிங்க, சிரிங்க, ஆனா இது இல்லை'ங்கறாரு.

ஊட்டுக்கு வந்து கேட்டேன். ஏனுங்க, ஆமான்னு சொல்லித் தொலைஞ்சா என்னன்னு. 'வேற மீனைக் காட்டி எப்பிடி அதுன்னு சொல்றது பாவாயி?'ன்னு என்னையத் திருப்பிக் கேக்கறாரு. பொழைக்கத் தெரியாத மனுசன். மீசையை எண்ணுனாராம். ராடு ஒடையுது, ரீலு ஒடையுது, அந்த நேரத்துல எவனாவது மீசையைப் பாப்பானா? அன்னைக்கு எங்க வளவுல அத்தனை ஊட்டுக்கும் கொழம்பு. தின்ன அத்தனை பேரும் விரலைச் சூப்பிட்டு, 'மீசை இல்லாததைப் புடிச்சா இன்னும் ருசியா இருக்குமுங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் போனாங்க. இவரு மூணு தடவை கொழம்பு ஊத்தச் சொன்னாரு. மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டாரு.

இப்ப காத்தால எந்திரிச்சு டீக்கடைக்குப் போறாரு. 'வாளை'ன்னு கூப்புட்டா, 'ஏனுங்க'ங்கறாரு. ரங்கண்ணன் லாரிக்கதை சொன்னா இவரு மீசைக்கதை சொல்றாரு. நாந்தான் அவமானத்துல மில்லுல குனிஞ்சு மாவு தள்ளிட்டு இருக்கறேன்.

நான் நம்பறனான்னா? நான் ஒண்ணும் நம்பலை. பாயும் இதைத்தான் கேட்டாரு. செம்பருத்திச் செடி அளவுக்கு ஒரு மீனு ஆத்துல இருந்தா ஆத்துல தண்ணிக்கு எடமேது? அவரு பொய் சொல்றாருங்கறதை முடிச்சு வெச்சாத்தான் எனக்கு நிம்மதி. அதுக்குத்தான் வந்தேன். போன தடவை நூலு அடி வரைக்கும் போயிருச்சுன்னு சொன்னனில்ல, அந்த ரீலு பத்தாது. இந்தா, இந்த ரண்டையும் பாய் எடுத்து வெச்சுட்டுப் போயிருக்காரு, கடலுக்குக் கொண்டு போறதாம். எது வழுக்குதுன்னு பாக்கோணும்.

நீ சும்மாதானே இருக்கற, இந்த நூல் மொனையைக் கையில சுத்திக்க. சுத்திட்டு வாசலைப் பாத்து இழு. நான் ராடைப் புடிச்சுக்கறேன்.

இழு. இன்னும். செருப்புக்கடை வரைக்கும் போ, வண்டி வருதான்னு பாத்துக்க.

என்ன கண்ணு இது, நான் புடிச்சதே இதை உட நல்லா இழுத்துச்சே. அவரு சொன்ன மீனு மாதிரி இழு.